கரிக்கும் வம்சம்

12.11.96, செவ்வாய்

தூறல். தீபாவளி முடிந்து இரண்டு நாள் ஆகியும் வெடிப்புகை தெருவை விட்டுப் போகவில்லை. தச்சநல்லூர் முழுக்க ஈரக் காகிதக் குப்பை. எதிர்வீட்டு மனுஷன் மிச்சமிருந்த சரத்தை இன்று காலை ஆறு மணிக்கு வைத்துத் தீர்த்தான். வைத்திருந்தால் நமுத்துப்போகுமாம். என் நுரையீரல் நமுத்துப்போவது பற்றி அவனுக்கு என்ன.

5.30 வேது பிடித்தல், வெந்நீர் ஆவி.
5.50 நெபுலைசர். கரண்ட் இருந்தது, ஆச்சரியம்.
6.10 தட்டு. இடது, வலது, முதுகு. கோ. தட்டினாள், 25 நிமிஷம்.
ச. பச்சை, கெட்டி, நாலு ஸ்பூன். ரத்தம் இல்லை.
மாத்திரை ஒன்பது. இட்லிக்கு முன் குடல் மாத்திரை நாலு.

ச. என்றால் சளி. இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. என்றாலும் அந்த வார்த்தையை முழுசாக எழுதினால் நாறுகிறது.

கோ., கோமதி. என் தங்கை. பதினாலு வயதில் தட்ட ஆரம்பித்தாள், இப்போது இருபத்து மூன்று. உள்ளங்கையைக் குழித்துத் தட்ட வேண்டும், அப்போதுதான் அடியில் ஒட்டியிருப்பது கழன்று வரும். அப்போது நான் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தேன். வீட்டில் முதல் பாடத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படுத்திருப்பேன், அவள் அதே தாளத்தில் தட்டுவாள். பாதி டைப்ரைட்டிங் அவளுக்கும் வந்துவிட்டது.

இன்ஸ்டிட்யூட்டில் இன்று பதினேழு பேர். லோயர் பரீட்சைக்கு இன்னும் கை பார்த்து அடிக்கிற ஜென்மங்கள். ஒரு மாணவியின் அம்மா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நுனி உருண்டு, நகம் கிளிமூக்காக வளைந்த விரல்கள். "டைப் அடிச்சு அடிச்சு இப்படி ஆயிட்டா டீச்சர்?" என்றாள். ஆமாம் என்றேன். நாளை மகளை நிறுத்திவிடுவாள்.

இந்த வருஷம் இலவசமாகக் கிடைத்த யோசனைகள்: தூதுவளை. ஆடாதோடை. கண்டங்கத்திரி லேகியம். குற்றாலத்தில் குளி. குற்றாலத்துப் பக்கமே போகாதே. காலையில் கருடனைப் பார்.

13.11.96, புதன்

மழை. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறதாம். ச. பச்சை, மூன்று ஸ்பூன்.

இன்ஸ்டிட்யூட்டில் படிக்கும் நஸீமா மேலப்பாளையத்திலிருந்து பொட்டலம் கொண்டு வந்தாள். "டீச்சர், காக்கா துபாய்லேருந்து குடுத்துவிட்டாவ. தேதி பாத்துக்கிடச் சொன்னாவ." குடல் மாத்திரை, இருநூறு. இது இல்லாவிட்டால் தின்பது எதுவும் உடம்பில் சேராது, எண்ணெயாக வெளியே போகும். இங்கே கிடைப்பதில்லை. அவள் அண்ணன் ஒவ்வொரு தடவையும் மறக்காமல் கொடுத்தனுப்புகிறான். என்ன வியாதி என்று அவர்கள் வீட்டில் ஒருத்தரும் இதுவரை கேட்டதில்லை. நான் மதிக்கும் குடும்பங்களின் பட்டியலில் அது ஒன்று. பட்டியலில் வேறு குடும்பம் இல்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா முகத்தில் விளக்கு. கோமதிக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. யார்? சங்கரன் அத்தான். அம்பாசமுத்திரத்து மாமா மகன்.

ஆவணியில் ஒரு தூத்துக்குடி வரன் வந்தது. பெண் பார்க்க வந்த அன்று நான் பின்கட்டில் ஒரே ஒரு முறை இருமினேன். மறுவாரம் தகவல் வந்தது, பொண்ணோட அக்காவுக்கு டி.பி.யாமே என்று. அன்றிலிருந்து அம்மா வெளியாள் என்றாலே பயப்படுகிறாள்.

"வெளிய போயி நின்னாத்தானட்டி கேள்வி கேக்கான். நமக்குள்ளன்னா ஆரு கேக்கப் போறா?"

நமக்குள் என்றால் எவ்வளவு நமக்குள்? அப்பா, அம்மாவுக்குச் சொந்த அத்தை மகன். அம்மாவின் அண்ணன்தான் மாமா. அவர் கட்டியிருப்பது அப்பாவின் தங்கையை. பெண் கொடுத்துப் பெண் எடுத்தது. சங்கரன் அவர்கள் மகன். இதற்கு மேல் நெருங்க வேண்டுமானால் ஒரே வயிற்றில் பிறந்திருக்க வேண்டும்.

பத்து வருஷம் எனக்கு டி.பி. என்று சொல்லி ஊசியும் மாத்திரையுமாகக் கொன்றார்கள், உள்ளூர் மேதைகள். பிறகு மெட்ராஸ். ஒரு இளம் டாக்டர் என் கையில் வியர்வையை எடுத்து உப்பு எவ்வளவு என்று பார்த்தார். ஒரு பெயர் எழுதிக் கொடுத்தார். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். தொற்று இல்லை, பிறவியிலேயே வருவது, தாயிடம் பாதி தகப்பனிடம் பாதி. "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டார். "ரொம்ப நெருங்கின சொந்தம்," என்றார் அப்பா, விருது வாங்கப் போகிற மாதிரி. டாக்டர் ஒரு தாளில் நாலு கட்டம் போட்டார். ஒன்றில் நோய், இரண்டில் நோய் ஒளிந்திருக்கும், ஒன்றில் இருக்காது. ஒளிந்திருப்பவர்களுக்கு இருமல்கூட வராது, ஆனால் அப்படி இரண்டு பேர் சேர்ந்தால் மறுபடி இதே நாலு கட்டம். இந்தக் குடும்பத்தில் இனிமேல் சொந்தத்துக்குள் செய்யாதீர்கள் என்றார். அப்பா தலையாட்டினார். ரயிலில் வரும்போது, "டாக்டர் சின்னப் பையன்," என்றார். அந்தத் தாள் பீரோவில் பத்திரங்களுக்கு அடியில் ஒன்பது வருஷமாக இருக்கிறது. ஊருக்கு என் நோயின் பெயர் டஸ்ட் அலர்ஜி.

இப்போது, அநேகமாக, ஒளிந்திருப்பதும் ஒளிந்திருப்பதும் சேரப் போகிறது. மேளம் வைத்து.

15.11.96, வெள்ளி

மழை விட்டது. வெயில், புழுக்கம். ச. மஞ்சளும் பச்சையும். காய்ச்சல் இல்லை.

மாமாவும் அத்தையும் வந்தார்கள். தார் வாழைப்பழம், அல்வா, மல்லிகை. என்னை மாடி மச்சில் உட்கார வைக்காமல் கீழே இருக்க விட்டார்கள், சொந்தம் அல்லவா. அத்தை கோமதியைப் பக்கத்தில் இழுத்துத் தலையில் பூ வைத்தாள். அப்புறம் ஒரு கடமைக்கு என் பக்கம் திரும்பி நெற்றியில் முத்தினாள். உதட்டை நக்கிப் பார்த்துச் சிரித்தாள்.

"இவ இன்னும் கரிக்கா பாருங்க. நம்ம வம்சம்லா."

எங்கள் குடும்பத்துப் பெருமை இது. கைக்குழந்தையாக இருக்கும்போது நான் கரித்தேனாம், அதைச் சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தார்கள். பணக்கார வீட்டில் மச்சம் என்பார்களே, அந்த மாதிரி. மெட்ராஸ் டாக்டர் அந்த உப்பைத்தான் அளந்தார் என்று இவர்களுக்குச் சொல்லி என்ன பயன்.

அத்தை நிறுத்தவில்லை. "எம் மூத்தவன் இவளை மாதிரியேதான். முத்துனா உப்பா இருக்கும். என்னத்தக் குடுத்தாலும் ஒடம்புல ஒட்டல, வயிறு மட்டும் பானை. எப்பவும் நெஞ்சுல சளி. பத்து மாசத்துல போயிட்டு. ரெண்டாவதும் அதே மாதிரி கரிச்சுது, அதே மாதிரி போயிட்டு. சங்கரன் ஒருத்தந்தான் கரிக்காம பொழச்சான்."

அம்மா, "எங்க கோமதியும் கரிக்காது மதினி," என்றாள்.

"அதுக்கென்ன. ரெண்டுக்கும் பொறக்கது கரிக்காமலா போவும்? நம்ம ரத்தம் எங்க போவும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரித்தார். தாளைப் பீரோவில் வைத்திருக்கிற அப்பா. அல்வாத் துண்டு என் கையில் நெய்யாக உருகிக்கொண்டிருந்தது. செத்துப்போன அந்த இரண்டு பிள்ளைகள் பற்றித் தோஷம், மாந்தம் என்றுதான் இதுவரை கேட்டிருக்கிறேன். கரித்தன என்று இன்றுதான் தெரியும். அப்படியென்றால் மாமாவிடமும் அத்தையிடமும் ஒளிந்திருக்கிறது. ஊகம் இல்லை, இரண்டு குழி தோண்டிப் புதைத்த அத்தாட்சி. அதை ஆசீர்வாதமாகச் சொல்லிவிட்டு இரண்டாவது காப்பி கேட்டாள்.

நிச்சயம் 24ஆம் தேதி, ஞாயிறு.

16.11.96, சனி

அப்பாவிடம் பேசினேன். பேப்பரை மடிக்கவில்லை, அதற்குப் பின்னாலிருந்தே கேட்டார்.

"நாலுல ஒண்ணுன்னுதான சொன்னாரு. பகவான் நாலாவதையா தருவான்?"

எனக்குத் தந்தானே என்றேன். பேப்பர் ஒரு பக்கம் திரும்பியது. வருவாய்த்துறையில் முப்பத்து நாலு வருஷம் மற்றவர்களுடைய வாரிசுச் சான்றிதழ் எழுதிய மனுஷன்.

அம்மா அடுப்படியில் வைத்து நேரடியாகவே கேட்டாள். "ஏட்டி, உனக்குன்னு இருந்த மாப்பிள்ளை. அவளுக்குக் குடுக்கமேன்னு பொறாமையா?"

கோபத்தில் மூச்சு வரவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா தண்ணீர் கொண்டு வந்தாள், முதுகைத் தொடவில்லை. ஒன்பது வருஷத்தில் அவள் ஒருநாள்கூட என்னைத் தட்டியதில்லை. கை நடுங்குமாம்.

பொறாமையா? எனக்கு நானே கேட்டுப் பார்த்துக்கொண்டேன். இன்னொன்றும் இருக்கிறது, அது அம்மாவுக்குத் தோன்றவில்லை, எனக்குத் தோன்றியது. கோ. போய்விட்டால் யார் தட்டுவது? ஆக நான் வாயைத் திறந்தால் இரண்டு காரணம் தயாராக இருக்கிறது, இரண்டும் கேவலமானது. உண்மை மூன்றாவதாக வரிசையில் நிற்கிறது, அதை யாரும் கூப்பிடப் போவதில்லை.

சொந்தக்காரர்களுக்கு என் கல்யாணம் பற்றிச் சொல்லியிருப்பது: காந்திமதி ஜாதகத்தில் தோஷம், இருபத்தெட்டு முடிந்தால்தான் கழியும். பொய் சொல்வதற்கும் கிரகங்கள்தான் வேலைக்காரர்கள்.

17.11.96, ஞாயிறு

ச. பச்சை, ஐந்து ஸ்பூன். கனம்.

சங்கரன் அத்தான் வந்தார், பத்திரிகை எழுத ஜாதகம் வாங்க. அம்பையில் பிளஸ் டூவுக்கு விலங்கியல் வாத்தியார். அம்மா வெற்றிலை வாங்கப் போயிருந்தாள், கோ. மாடியில். கேட்டேன்.

"நெட்டைச் செடி குட்டைச் செடிப் பாடம் இந்த வருசம் முடிச்சாச்சா அத்தான்?"

"போன மாசமே முடிச்சாச்சே. ஏன்?"

"நாலு கட்டம் போட்டு நடத்துவியளா?"

"போட்டாத்தான் பயலுவளுக்குப் புரியும்."

பேனாவையும் பஞ்சாங்கத்தின் பின்னட்டையையும் நீட்டினேன். "உங்களையும் கோமதியையும் போடுங்க."

பேனாவை வாங்கினார். கட்டம் போடவில்லை. மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி. "எனக்குத் தெரியும் காந்தி," என்றார். "எனக்கு முன்ன பொறந்தது ரெண்டும் எதுல போச்சுன்னு காலேஜ் படிக்கையிலேயே எனக்குத் தோணிட்டு."

"பின்ன?"

"அம்மைக்கு ஆசை. நான் எப்படி எதுத்துச் சொல்ல? நாலுல மூணு நல்லாத்தான இருக்கும்."

மூன்று நன்றாக இருக்குமாம். பரீட்சையில் எவனாவது இப்படி எழுதினால் மார்க்கைக் குறைப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உனக்கு வருத்தம்னு அத்தை சொன்னாவ. மனசுல வச்சுக்கிடாத," என்றார். அவருக்கு அத்தை என்றால் என் அம்மா. என்னிடம் இரக்கப்படுகிறாராம்.

என் பதினாறு வயதில் இந்த மனுஷன்தான் குறுக்குத்துறை ரோட்டில் எனக்குச் சைக்கிள் பழக்கினார். சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்து, "எனக்கு உன்னயத்தான் கட்டி வைப்பாவ, தெரியுமா?" என்றார். நான் உடனே விழுந்தேன். முழங்காலில் தழும்பு இருக்கிறது. அவ்வளவுதான். அதை எதற்கு எழுதுகிறேன்.

18.11.96, திங்கள்

மூட்டம். கரண்ட் இல்லை, நெபுலைசர் இல்லை. வேது மட்டும்.

தட்டும்போது கோ.விடம் சொன்னேன். நான் மூன்று தலையணைக்கு மேல் தலைகீழாகக் கிடந்தேன், அவள் முகம் தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், கரித்த பிள்ளைகள் உட்பட. தட்டு நிற்கவில்லை.

"தெரியும்," என்றாள். "பீரோவுல இருந்த சீட்ட பத்தாங் கிளாஸ்லயே படிச்சுட்டேன்."

"பின்ன ஏம்ட்டி சம்மதிச்ச?"

"தூத்துக்குடிக்காரன் கட்டிருந்தா வருசத்துக்கு ரெண்டு மட்டம் அனுப்புவான். அம்பைன்னா காலைல மொத பஸ்ஸு. வாரத்துல நாலு நாள் வந்து தட்டிட்டுப் போயிருவேன். அத்தை ஒண்ணுஞ் சொல்லமாட்டா."

"பிள்ளை?"

"பெத்துக்கிடாம இருந்துக்கிடுதோம்."

"அத்தை பத்தாவது மாசம் தொட்டில் கட்டிருவா."

"அப்பம் பாத்துக்கிடலாம். நீ பேசாம இருமு."

இருமினேன். இருமிக்கொண்டே அழுதேன், இரண்டுக்கும் ஒரே துணி.

இந்த வீட்டில் ஒரு ஆளையாவது முட்டாள் என்று நினைக்காமல் இருந்தேன். அவள்தான் எல்லோரையும்விடப் பெரிய முட்டாள். என் முதுகுக்காக இன்னும் பிறக்காத ஒரு பிள்ளையின் நெஞ்சை அடகு வைக்கப் பார்க்கிறாள். அந்தப் பிள்ளையை யார் தட்டுவது? பத்து மாதத்தில் போகாவிட்டால் இருபத்தெட்டு வருஷம் யார் தட்டுவது? இவ்வளவு பிரியம் என் மேல் இருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்து ஒரு பிரயோசனமும் இல்லை. பயமாக இருக்கிறது.

21.11.96, வியாழன்

இரண்டு நாளாக எழுதவில்லை. காய்ச்சல் 101. ச. பச்சை, அதில் நூல் நூலாக ரத்தம். கம்பவுண்டர் காலையும் மாலையும் வந்து ஊசி போடுகிறார். நரம்பு கிடைக்கவில்லை, நாலு குத்து. "நரம்பு ஒளிஞ்சுக்கிடுது பாப்பா," என்கிறார். இருபத்தெட்டு வயதுப் பாப்பா.

இன்ஸ்டிட்யூட்டுக்கு லீவ் சொல்லியாயிற்று. முதலாளி, "அலர்ஜிக்கு எதுக்கும்மா ஒரு வாரம்?" என்றாராம்.

மாலையில் பெரியப்பா வந்தார். அப்பாவுக்குப் பங்காளி முறை, குடும்பத்தில் மூத்தவர், நிச்சயத்தில் பத்திரிகை வாசிப்பது அவர்தான். என் நோய் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கீழே பேசுவது மேலே கேட்டது.

"சின்னவளுக்கு முடிக்கேரு, சரி. மூத்தவளுக்கு என்ன செய்யப் போறீரு வே?"

அம்மாதான் முந்திக்கொண்டாள். "இருபத்தெட்டு முடியணும்லா அண்ணாச்சி. தோஷம் கழியட்டும், மறுமாசமே பாத்துருவோம்."

எனக்கு ஐப்பசியிலேயே இருபத்தெட்டு முடிந்துவிட்டது. அம்மாவுக்கு ஞாபகம் இல்லை.

அப்பா மேலே வந்தார். ஞாயிற்றுக்கிழமை நான் மச்சிலேயே இருந்துகொள்ள வேண்டும். இருமல் வந்தால் பைய, தலையணையை வாயில் வைத்து. "உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்." சரி என்றேன். இவ்வளவு சீக்கிரம் நான் சரி சொன்னதில் அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒன்பது வருஷப் பொய் அவரைச் சோம்பேறியாக்கிவிட்டது.

24.11.96, ஞாயிறு

காய்ச்சல் இல்லை. எழுத்து இன்னும் கோணல்.

காலை முழுக்கச் செய்தது: வேது, நெ., தட்டு. கோ. பட்டுப்புடவையோடு தட்டினாள், மல்லிகை வாசனைக்கு எனக்கு இழுப்பு வந்தது. ச. ஆறு ஸ்பூன் எடுத்தேன். கீழே பேச மூச்சு வேண்டும்.

தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டு பதினைந்து படி இறங்கினேன். இரண்டு தடவை நின்றேன். கூடத்தில் நாற்பது பேர் இருப்பார்கள். பெரியப்பா பத்திரிகையை வாசித்து முடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வழக்கப்படி, "சபைக்குச் சம்மதந்தானா?" என்று கேட்டார். சம்மதம் சம்மதம் என்று நாலு பக்கமும் முனகல்.

"எனக்குச் சம்மதம் இல்ல பெரியப்பா."

அம்மாவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எழுத விருப்பமில்லை.

"மூத்தவ நான் இருக்கேன். சங்கரன் அத்தான் எனக்கு முறை. இருபத்தெட்டு முடியணும்னாவ, ஐப்பசியிலேயே முடிஞ்சிட்டு. எனக்குக் கட்டி வைங்க."

அத்தைதான் முதலில் எழுந்தாள். "ஏ, இவளுக்குக் கோட்டி பிடிச்சிருக்கா?"

"நீ இரும்மா," என்றார் பெரியப்பா. "மூத்தவ கேக்கது நியாயந்தான. இவளுக்கு என்ன கொறைன்னு சொல்லுங்க."

யாராலும் சொல்ல முடியாது. சொன்னால் நோயைச் சொல்ல வேண்டும், நாற்பது பேருக்கு முன்னால், அக்காவுக்கு என்று சொன்ன வாயோடு தங்கைக்கும் கதவு அடைபடும். எத்தனை பொய் எத்தனை ஒழுங்காகக் கட்டி வைத்திருந்தார்கள். நான் அதன் மேல் ஏறி நின்றேன், அவ்வளவுதான்.

"இருமல் மட்டுந்தான் பெரியப்பா. டஸ்ட் அலர்ஜி. அப்பாகிட்ட கேளுங்க."

நாற்பது பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தாம்பாளத்துத் தேங்காயைப் பார்த்தார். "அலர்ஜிதான்," என்றார்.

மாமா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "யோசிச்சுச் சொல்லுதோம் வே." யோசிப்பதற்கு ஒன்றும் இல்லை. எந்நேரமும் இருமுகிற என்னைக் கட்டுவதா? என்னை விட்டுவிட்டுத் தங்கையைக் கட்டுவதா, அதுவும் சபையில் மூத்தவள் முறை கேட்ட பிறகு? இரண்டும் முடியாது. கொண்டு வந்த தட்டுகளை அவர்களே தூக்கிக்கொண்டு போனார்கள். சங்கரன் அத்தான் மட்டும் வாசலில் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும் நான் எதற்காகச் செய்தேன் என்று. முகத்தில் நிம்மதி. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தான் சொல்ல வேண்டியதை ஒரு நோயாளி சொல்லித் தீர்த்துவிட்டாள் என்ற நிம்மதி. தூ.

பிறகு இருமல் வந்தது. தலையணை இல்லை. எல்லோரும் முழுசாகக் கேட்டார்கள்.

25.11.96, திங்கள்

காதில் விழுந்தவை, சமையற்கட்டு, வாசல், மொட்டைமாடி:

"தங்கச்சி வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டாளே."

"அந்த ஒடம்பை வச்சுக்கிட்டு ஆசையப் பாரு."

"பாவம், வயசு ஆகுதுல்லா."

"சவத்த விடுங்க, காலையிலேயே அவ பேச்சு எதுக்கு."

கோ. தட்டினாள். வழக்கத்தைவிடப் பலமாக.

"வலிக்கிட்டி," என்றேன்.

"வலிக்கட்டும்."

வலித்தது. நன்றாகவும் கழன்றது. ச. ஏழு ஸ்பூன்.

27.11.96, புதன்

குளிர். ஆற்றில் வெள்ளம் வடிகிறதாம்.

கோ.வைக் கோவில்பட்டிக்கு அனுப்பினார்கள், சித்தி வீட்டுக்கு. இங்கே இருந்தால் என் கண் படும். அங்கே வைத்தே பெண் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். விருதுநகர்ப் பக்கத்து வரனாம், அரசாங்க வேலை. அப்பா போனில் சொன்னது மச்சு வரை கேட்டது: "நமக்கும் அவியளுக்கும் ஏழு தலைமொறைக்கு ஒரு சம்பந்தமும் கெடையாது." குறையாகத்தான் சொன்னார். எனக்கு அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும் போல் இருந்தது.

போகுமுன் அடுப்படியில் கோ. குரல். ஒரு தலையணையை மடியில் வைத்துத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். "கைய இப்படிக் குழிச்சுக்கிடணும்மா. தட்டையா அடிச்சா அடி மட்டுந்தான் விழும், சளி வராது."

வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "இப்ப சந்தோசமாக்கா?" என்றாள்.

"ஆமா."

"வெளங்கிரும்," என்றாள். ஆட்டோ வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து என் கையைப் பிடித்தாள், உள்ளங்கை காய்த்துப்போய்க் கெட்டியாக இருந்தது, ஆண் பிள்ளை கை மாதிரி. ஒன்பது வருஷம். விருதுநகர்க்காரன் கேட்டால் என்ன சொல்வாள்?

28.11.96, வியாழன்

5.30 வேது. 5.50 நெ.

6.10 நானே தட்டிப் பார்த்தேன். முன்பக்கம் சரி. விலா வரை சரி. முதுகுக்குக் கை எட்டவில்லை. சுவரில் சாய்ந்து இடித்துப் பார்த்தேன், கோமாளித்தனம். ச. ஒரு ஸ்பூன். மற்றதெல்லாம் உள்ளே கொழகொழவென்று உட்கார்ந்திருக்கிறது.

6.40 அம்மா மேலே வந்தாள். கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றாள். "படுட்டி," என்றாள்.

தலையணைகளை நானே அடுக்கிப் படுத்தேன். தட்டினாள். தொட்டில் பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி தட்டினாள். கை நிஜமாகவே நடுங்குகிறது, பொய் சொல்லவில்லை. இன்னும் பலமா என்றேன், இன்னும் கீழே என்றேன், குழிச்சு என்றேன். கொஞ்சம் வந்தது. பிறகு கேட்டாள்.

"சங்கரனை நெசமாவே மனசுல வச்சிருந்தியாட்டி?"

இல்லை, கோமதிக்காகச் சொன்ன பொய் என்று சொல்லியிருக்கலாம். கட்டம் போட்டு மறுபடி விளக்கியிருக்கலாம். படி இறங்கும்போது நான்கூட அப்படித்தான் நினைத்துக்கொண்டு இறங்கினேன். ஆனால் சபையில் "எனக்குக் கட்டி வைங்க" என்று சொல்லும்போது என் குரல் ஒரு இடத்தில் உடைந்தது. அது மூச்சுத் திணறல் இல்லை.

தலைகீழாகக் கிடந்ததால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"ஆமாம்மா," என்றேன்.

அம்மாவின் கை நின்றது. பிறகு அவள் குனிந்து என் பிடரியில் முத்தினாள். கரிக்கிறது என்று சொல்லவில்லை.